விழுந்த லிண்டன்

வோல்காவுக்கு வடக்கே, மாரி மக்களின் தோப்பில்
அக்டோபர் காற்றில் சாய்ந்தது லிண்டன்.
விழுந்தாலும் சாமி மரம் சாமி மரம்தான்;
சுள்ளிகூடத் தொடக் கூடாது.

அய்விகாவின் வீடு தோப்பை ஒட்டி.
கணவன் தொய்தெமிர் போன வருடமே போய்ச்சேர்ந்தான்.
விறகு டிசம்பரோடு தீர்ந்தது.

முதலில் ஏணியை எரித்தாள்.
பிறகு கோழிக்கூண்டின் கதவு.
பிறகு அவனுடைய பனிச்சறுக்குக் கட்டைகள்.
தார் பூசியவை, சடசடவென்று பிடித்தன,
வீடெல்லாம் அவன் வாசனை.

ஜன்னலுக்கு வெளியே
ஒரு குளிர்காலத்துக்குப் போதுமான நெருப்பு
பனி போர்த்திக் கிடந்தது.

ஓரிரவு கோடரியோடு போனாள்.
போனாள் என்பது உண்மை.
முழங்கால் ஆழப் பனியில் நின்று
மரத்திடம் ஏதேதோ கேட்டாள், திட்டினாள்,
"நின்று தொலைத்திருந்தால்
எனக்கேன் இந்தச் சோதனை" என்றாள்.
திரும்பி வந்து
கோடரியின் காம்பைக் கழற்றி
அடுப்பில் வைத்தாள்.

ஜூலையில்,
பாதி வேர் இன்னும் மண்ணில் இருந்ததால்,
படுத்தபடியே பூத்தது அது.
தேனீக்கள் தரையோடு தாழப் பறந்தன.
அய்விகா புது ஏணிக்குக்
கடன் சொல்லி வைத்திருக்கிறாள்.