சமதரை

ஒயில் கம்பியை உருவிப் பார்க்க
வண்டி சமதரையில் நிற்க வேண்டும்.
கந்தப்பளையில் அதற்கு எங்கே போவது?
லீக்ஸ் பாத்திகூடச் சரிவில்தான் தொங்குகிறது.
கடைசியில் பழைய பெரட்டுக்களத்தில் நிறுத்தி
பொனட்டின் மேல் ஒரு சாசரில் பிளேன்டீ ஊற்றி வைத்தேன்.
ஒரு பக்கமும் சிந்தவில்லை.
அன்று ஒயில் மேல்கோட்டில் நின்றது.

எண்பத்தாறாம் ஆண்டு கெப்.
மீற்றர் முள் செத்து வெகுகாலம்.
அதனால் கிலோமீற்றர் கிடையாது, நடைக்கணக்கு.
கம்பளைக்கு எட்டு நடை போய்வந்து
அதே களம், அதே சாசர்.
கீழ்க்கோட்டுக்கும் கீழே, கம்பியின் நுனியில்
எள்ளளவு கறுப்பு.

ஒயில் விற்கிற விலை தெரியும்தானே.
கலன் சீற்றுக்குப் பின்னால் கிடக்கிறது.
மூட்டை ஏற்ற வருகிற தவசீலனிடம்
ஒரு பழைய மோட்டார்சைக்கிள் இருக்கிறது.
என்னிடமிருந்த சாட்சி இவ்வளவுதான்.
இதை வைத்துக்கொண்டு
கரட் கழுவுகிற இடத்தில், நாலு பேர் முன்னால்,
"ஒயில் எங்கடா போகுது?" என்று கேட்டேன்.
அவன் தோளிலிருந்த மூட்டையை மெதுவாக இறக்கினான்.
ஏதோ சொல்ல வாயெடுத்தான்.
நான் கதவைச் சாத்தி வண்டியை எடுத்துவிட்டேன்.

"ஆளைப் பிடிக்கிறதுக்கு முந்தி
எஞ்சினைப் பிடிங்க" என்றான் கராஜ் றிஸ்மி.
இரவில் எஞ்சினுக்கடியில்
பால்மா பெட்டி அட்டையை விரித்தான்.
விடியப் பார்த்தால் ஒரு பொட்டு இல்லை.
ரேடியேற்றர் தண்ணீரில் எண்ணெய்ப் படலமும் இல்லை.
எஞ்சின் ஓட ஓட ஒயில் மூடியைக் கழற்றி
உள்ளங்கையை வைத்து மூச்சுப் பார்த்தான்,
பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி.
"ரிங்ஸ் இன்னும் கொஞ்சக் காலம் கிடக்கும்.
வால்வ் சீலைத்தான் நம்ப ஏலாது.
நான் ஓட்டுறேன். நீங்க த்ரீவீல்ல பின்னால வாங்க."

பன்னிரண்டு வருஷம் ஓட்டிய வண்டி.
அது போவதைப் பின்னாலிருந்து
அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.
இடது மட்காட் ஆடுவது தெரியாது.
டெயில்போர்ட் தூசியில் யாரோ விரலால்
ஒரு பெண்ணின் பெயரை எழுதியிருப்பது தெரியாது.

றம்பொடை இறக்கம்.
இரண்டாம் கியரில் போட்டுக் காலை எடுத்து
வளைவுக்கு வளைவு இழுத்துப் பிடித்துப் போகிறான்.
ஒரே பனிமூட்டம்.
இந்த வெள்ளையில் எந்தப் புகையைப் பார்ப்பது என்று
கழுத்தை வெளியே நீட்டியபடி நான்.
இறக்கம் முடிந்து பாலத்தருகே
அக்ஸிலேற்றரை ஒரு மிதி மிதித்தான்.

நீலம்.

ஒரே ஒரு கொத்து, அப்புறம் ஒன்றுமில்லை.
ஆனால் கருகிய வாசம்
த்ரீவீலுக்குள் வந்து என் சட்டையில் உட்கார்ந்துகொண்டது.
ஓட்டிவந்த அமலதாஸ் திரும்பாமலே சொன்னார்:
"இது போன மழைக்கு முந்தியே இருக்குங்க.
உங்களுக்குப் பின்னால வர்ற எல்லாருக்கும் தெரியும்."
"ஏன் சொல்லல?"
"நீங்க எங்க நிப்பாட்டினீங்க?"

எட்டு வால்வ், எட்டு றப்பர் வளையம்.
சுண்டுவிரல் நுழைகிற அளவு.
கழற்றியதில் ஒன்று
காய்ந்த நெல்லிக்கொட்டை மாதிரி இறுகிப்போயிருந்தது.
அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
மேல் லயத்துக்கு ஏறினேன்.

தவசீலன் அதை வாங்கி நகத்தால் கீறிப் பார்த்தான்.
"பின்னால மூட்டை மேல ஒக்காந்து வர்றவன் நான்," என்றான்.
"ஒவ்வொரு இறக்கத்துக்கும் மூக்குல ஏறும்.
அன்னைக்கு அதைத்தான் சொல்ல வந்தேன்."
வளையத்தைத் திருப்பித் தந்தான்.
திங்கள் வருவதாகவும் சொல்லவில்லை,
வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அவன் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்தாள்.
வாசல் முழுக்கச் சரிவு.
வைக்க ஓரிடம் தேடிவிட்டு
ஆறும்வரை கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன்.