கடலில் இருப்பதாகச் சொல்லப்படுகிறது

1868, பிப்ரவரி, இரண்டாம் ஞாயிறு.
பதிவேட்டில் முறையாகப் பிறந்தவர்களுக்கு ஒரு கட்டம்,
முறைதவறியவர்களுக்கு அதை ஒட்டி இன்னொன்று.
என் கொள்ளுத்தாத்தா தோர்கில்ஸ்
இரண்டாவது கட்டத்தில் நான்காவது ஆள்.
பேனாவை அங்கே யாரோ கொஞ்சம் அழுத்தியிருக்கிறார்கள்.

தாய்: குன்வோர், ஹெல்லபோ பண்ணையில் வேலைக்காரி, வயது இருபத்திரண்டு.
தகப்பன்: நீல்ஸ், மாலுமி,
கடலில் இருப்பதாகச் சொல்லப்படுகிறது.

யார் சொன்னது என்று எழுதவில்லை.

நான்கு வருடம் அந்த நீல்ஸைத் தேடினேன்.
ஃபியோர்டின் இக்கரைக்கும் அக்கரைக்கும் போகிற படகில்
காபி விற்பவள் நான்;
குளிர்காலத்தில் ஒரு நடைக்கு ஆறு பேர் குடித்தால் அதிகம்.
மீதி நேரமெல்லாம் கப்பல்களின் ஆள்பட்டியல்.
இருபத்தேழு நீல்ஸ்கள் அகப்பட்டார்கள்.
ஒருவன் கார்டிஃபில் காய்ச்சலில் செத்திருந்தான்.
ஒருவனுக்குப் பன்னிரண்டு வயது.
மற்றவர்கள், பின்னோக்கி எண்ணினால் வருகிற அந்த ஏப்ரல் கடைசியில்
கியூபெக்குக்கு மரம் ஏற்றப் பாதிவழி போயிருந்தார்கள்.

அப்புறம்தான் பக்கத்து வரிகளைப் படித்தேன்.
ஆறு பெண்கள், ஆறு மாலுமிகள், எல்லோரும் கடலில்.
எங்கள் கரையில் கப்பல்களைவிட
கப்பலேறிய தகப்பன்கள் அதிகம்.

ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டது.
நீல்ஸின் மகன் என்று அவர் நீல்சன்,
அவருக்குப் பின்னால் எல்லோரும் நீல்சன்.
என் கதவில் பித்தளையில் இருப்பதும்
இல்லாத ஓர் ஆளின் பெயர்தான்.

எச்சிலைக் குழாயில் துப்பி அனுப்பினேன்.
மினசோட்டாவிலிருந்து ஒரு பல் மருத்துவர் பதில் போட்டாள்:
நாம் உறவு போலிருக்கிறதே.
டார்லீன் என்று பெயர். வீட்டுப் பெயர் ஹெல்லபோ.

பண்ணையில் அந்த வருடம் ஆண்கள் மூவர்.
ஷூர், எஜமான், ஐம்பத்தொன்று.
மகன் என்ட்ரே, இருபத்து நான்கு.
இளையவன் பூத்தொல்ஃப், பத்தொன்பது.
மூவருக்கும் கணக்குப் பொருந்துகிறது.
ரத்தம் வீட்டைக் காட்டுகிறது,
அறையைக் காட்டமாட்டேன் என்கிறது.

அவள் சம்மதித்தாளா என்பதற்கு
அந்தப் பதிவேட்டில் கட்டமே கிடையாது.

"நதிமூலம் எதற்கு உனக்கு?" என்கிறான் ஒட்வார்,
சித்தப்பா மகன், தொலைபேசியில், எதையோ மென்றுகொண்டே.
எங்கள் ஊர் நதிக்கு மூலம் பனிமலை, ஒட்வார்.
கழிவறை ஜன்னலிலிருந்தே தெரிகிறது.

நேற்று, கடைசிப் படகில், இரண்டே கார்கள்.
இத்தனை நாள் தாண்டிப் போன வரியைப் படித்தேன்.
ஞானஸ்நானத்துக்குக் குழந்தையைத் தூக்கி வந்தவள்:
ரன்வைக், ஹெல்லபோ எஜமானி.

ஷூரின் மனைவி. அந்த இருவரின் தாய்.
பண்ணையிலிருந்து கோயிலுக்குத் துடுப்புப் படகில் ஒரு மணி,
பிறகு பனியில் நடை, மேடேறி.
கையில் இருந்தது பேரனா, புருஷன் பிள்ளையா?
அவளுக்குத் தெரிந்திருக்கும்.
தெரியாமலும் இருந்திருக்கலாம்;
கனம் என்னவோ ஒன்றுதான்.

தோர்கில்ஸ் என்பது அவளுடைய அப்பாவின் பெயர்.
அதைக் கண்டதும் காபியைக் கொட்டிவிட்டேன்.
தன் மகன் வித்து என்று தெரிந்து வைத்தாளா,
தன் வீட்டார் செய்ததற்கு
அவளால் கொடுக்க முடிந்தது அது ஒன்றுதானா?
ஒப்பிட்டுப் பார்க்கலாமென்றால்
அவளுடைய பிறந்தகத்தைப் பனிச்சரிவு கொண்டுபோய்விட்டது,
துப்புவதற்கு ஒரு வாய்கூட மிச்சமில்லை.

வம்சமரத்தைத் திரையில் திறந்து
தகப்பன் கட்டத்தில் நீல்ஸை அழித்தேன்.
பக்கத்தில் ரன்வைக்கைச் சேர்த்து,
உறவு என்று கேட்ட இடத்தில்
'தூக்கி வந்தவள்' என்று தட்டினேன்.

செல்லாத உறவு என்று சிவப்பில் வருகிறது.
அக்கரை விளக்குகள் நெருங்குகின்றன, கயிறு வீசுகிறார்கள்.
திரும்பவும் தட்டுகிறேன்.