ஒரு நபர், இரண்டு இரவு

படிவம் முன்கூட்டியே முடிவு செய்திருந்தது
நான் இரண்டு பேர் என்று.
கழித்தல் குறியை அழுத்தினேன்.
ஒன்று.
வாடகை மட்டும் அசையவில்லை.

யாரும் சாகவில்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
விவாகரத்தும் இல்லை.
டுவெய்னுக்கு நகரும் படிக்கட்டில் நின்றாலே தலை சுற்றும்.
மகன் டென்வரில், அவன் பாடு அவனுக்கு.
எனக்கு ஐம்பத்து நான்கு வயது.
டொலீடோவில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன்,
பதினெட்டு வருடமாக
முப்பது மைல் வேகத்தைத் தாண்டாமல்,
முதுகுக்குப் பின்னால் அறுபது பிள்ளைகள் கத்த.
ஒரு நாளாவது நான் கத்த வேண்டும்.
அவ்வளவுதான் காரணம்.

மின்கட்டண உறையின் பின்பக்கம் மூன்று பெயர்கள்.

பூங்காவின் சொந்த விடுதி.
ஊருக்கு ஒரு மணி நேரம் முன்பாகவே கதவு திறப்பார்களாம்.
தலையணை உறையிலும் சிரிக்கும் மீன்.
மிச்சமிருந்தது குடும்ப அறை மட்டும்,
ஒரு பெரிய கட்டில், இரண்டு அடுக்குக் கட்டில்கள்.
ஆறு பேர் தூங்கும் அறையில் ஒருத்தி படுத்தால்
ஐந்து பேர் வராமல் போனதுபோல் இருக்காதா?
அடித்தேன்.

நெடுஞ்சாலை ஓரத்து மோட்டல்.
பாதி விலை, காலையில் வாஃபிள்.
தரைத்தளமா, மாடியா என்று கேட்டேன்.
"எது காலியோ அது" என்றது ஒரு கொட்டாவி.
அறைக்கதவு நேராக வண்டி நிறுத்துமிடத்தில் திறக்கும்.
பெண்பிள்ளை தனியாக விடுதி பார்ப்பது
பாதி கணக்கு,
பாதி தாழ்ப்பாள்.

மூன்றாவது ஈரி ஏரிக்கரையில்,
பதினாறு அறைகள், உரிந்த நீலச் சாயம்,
பூங்கா வாசலுக்குப் பதினான்கு நிமிட நடை.
"எத்தனை பேர்?"
"ஒருவர்."
இந்த இடத்தில் எல்லோரும் ஒரு சின்ன "ஓ" போடுவார்கள்,
கையில் தட்டோடு துக்க வீட்டுக்கு வந்ததுபோல.
லாவெர்ன் என்ற அந்தப் பெண் போடவில்லை.
"படி ஏற முடியுமா? மாடி மூலை அறை தருகிறேன்,
இரண்டு தாழ்ப்பாள்.
சுடுதண்ணீர் வர நேரமாகும், என்மேல் கோபப்படக் கூடாது."
பிறகு, அட்டை எண்ணைக் கேட்ட அதே குரலில்,
"முதலில் எதில் ஏறப்போகிறாய்?"

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது, அசட்டுத்தனமாக.
ஏன் போகிறாய் என்றுதான் இதுவரை கேட்டிருக்கிறார்கள்.
"அந்தப் பழைய மரத்தடத்து ரயிலில்" என்றேன்.
"அதில் காலையில் ஏறாதே, தூங்கி வழியும்.
வெயில் பட்டு மசகு இளகட்டும்,
நான்கு மணிக்கு மேல் பார், பேயாய்ப் பறக்கும்."

"யாரோடு பேசுவாய் அங்கே?" என்றான் டுவெய்ன்.
இங்கே யாரோடு பேசுகிறேன் என்று கேட்க வந்தேன்.
அதற்குள் அவன் எழுந்து போய்
என் வண்டியின் நான்கு டயருக்கும் காற்றடித்துக்கொண்டிருந்தான்.

மெத்தை நடுவில் குழி.
முன்னால் தங்கியவர்கள் சேர்ந்து தோண்டியது.
இரண்டு தாழ்ப்பாளையும் போட்டு, ஒன்றை எடுத்து,
மறுபடி போட்டேன்.
இரவெல்லாம் ஏரி கரையை நக்கிக்கொண்டிருந்தது.

விடிந்ததும் சங்கிலிச் சத்தம்.
ஜன்னலில் முகம் வைத்துப் பார்த்தேன்.
சோதனை ஓட்டம்.
மரக்குன்றின் உச்சியில் ரயில் ஒரு நொடி யோசித்தது,
பிறகு தலைகுப்புற விழுந்தது.
கத்த ஆளில்லாமல்,
கைப்பிடிகள் மட்டும் கடகடக்க,
வளைந்து, மறைந்து, வந்து சேர்ந்தது.

பழக்கதோஷம், தலைகளை எண்ணினேன்.
பூஜ்யம்.
மறுபடி ஏறியது.
மறுபடி எண்ணினேன்.

குளியலறையில் சுடுதண்ணீர் வந்துவிட்டது.