கோர்ப்புஸ் மேயும்

குருமடத்தில் படித்தேன் ஒன்றரை வருசம்;
குரு கைக்கு வரவில்லை, மடம் மட்டும் மிச்சம்.
லத்தீன் வகுப்பில் ஞானாதிக்கம் அடிகள்
"மேயும்" என்றால் "என்னுடைய" என்றார்.
மேலூர்க்காரன் நான். எங்கள் பக்கம்
மேயும் என்றால் வெள்ளாடு மேயும்.
"கோர்ப்புஸ் மேயும், என் உடல்" என்று
கரும்பலகையில் அவர் எழுதிப்போட,
தலையில்லா உடலொன்று கொள்ளுக்காட்டில்
தனியே மேய்வதாய் நினைத்துச் சிரித்தேன்.
சாயங்காலம் பெட்டியோடு வாசலில் நின்றேன்.

நான் விட்ட லத்தீன் என்னை விடவில்லை.
ஒத்தக்கடையில், ஐகோர்ட் கிளைக்குப் பக்கம்,
ஜெராக்ஸ் கடை மாடியில் அரை அறை,
அரைகுறை ஃபேன், முழு வாடகை.

வந்து உட்கார்ந்தாள் சின்னடைக்கி.
"கருப்புக்கு நேர்ந்த கெடாயைக் காணோம்.
பெரியமாயன் மேலதான் சந்தேகம்,
பிடிச்சுக் கோர்ட்டுல நிறுத்துங்க."
"ஆளைக் காணோம் என்றால்தான் ஹேபியஸ் கார்ப்பஸ்.
லோக்கஸ் ஸ்டாண்டி இருக்கா உனக்கு?"
"பஸ் ஸ்டாண்டு இருக்கு, மினிபஸ் வரும்."
"பிரைமா ஃபேசி..."
"பேசி என்ன? பிரியாணி ஆயிருக்கும்!"
"போனாஃபைடியாச் சொல்றியாம்மா?"
"போனாப் போகுதுன்னு விடச் சொல்றியா?"
"ஆடி ஆல்டெரம் பார்ட்டெம்" என்றேன்,
எதிராளியையும் கேட்க வேண்டும் என்பதற்கு.
"ஆடிக்குள்ள ஆட்டைப் பாத்தம்னாப் போதும்"
என்று எழுந்து போனாள், இருநூறு வைத்துவிட்டு.

எதிராளியைக் கேட்டேன். பெரியமாயன் வந்தார்
மூன்றடுக்குத் தூக்கோடு, வேட்டி மடிப்போடு.
"சொல்றதுக்கு என்னங்கய்யா இருக்கு,
சாப்பிட்டுக்கிட்டே கேளுங்க."
இயற்கை நீதி அப்படியொரு மணம்
மணக்கும் என்று கல்லூரியில் சொல்லவில்லை.
மிளகு தூக்கலாய்ச் சுக்கா. நல்லி எலும்பைத்
தட்டில் தட்டி உறிஞ்சினேன்.
ரெஸ் இப்ஸா லோக்கிடுர்:
விஷயம் தானே வாய்திறந்து பேசுமாம்.
பேசியது.
மூன்றாம் கவளத்தில் எனக்குப் புரிந்தது,
ஏழாம் கவளத்தில் நிறுத்தினேன்.

செவ்வாய்க்கிழமை சின்னடைக்கி வந்தாள்.
"கார்ப்பஸ் கிடைச்சுச்சா வக்கீலே?"
ஒரே வாரத்தில் என்ன உச்சரிப்பு!
"சைனே டை" என்றேன் குனிந்தபடி.
"டையெல்லாம் அடிச்சுக்க, தலைதான் நரைச்சிருக்கே.
ஆடு எங்க?"
இருநூறைத் திருப்பித் தந்தேன். வாங்கவில்லை.
என் வயிற்றைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள்,
மினிபஸ் ஹாரன் கேட்டதும் இறங்கிப் போனாள்.

ராத்திரி முழுக்கக் கடமுடவென்று
கொள்ளுக்காட்டில் ஏதோ நடமாட்டம்.
ஞானாதிக்கம் அடிகளே, இலக்கணம்
இப்போது பிடிபடுகிறது, சாமி:
என் உடல்தான்.
மேயும்.