வரி

ஈசூன், பதினோராம் மாடி.
சமையலறைத் தரையில் மூன்று நாளாய்
ஒரு பத்துக் காசு.
எடுக்க நகம் வேண்டும்.

ஆரஞ்சு உரிக்கவும்,
சார்டின் டின்னின் வளையம் தூக்கவும்,
ஒட்டுநாடாவின் நுனியைத் தேடவும்
வேண்டும் என்று
இத்தனை நாள் யாரும் சொல்லவில்லை.

கல்யாணத்தில் யாரோ
மைக்கைப் பிடித்து வாழ்த்தினார்கள்:
நகமும் சதையும் போல.
இடது கட்டைவிரலைப் பார்க்கிறேன்.
பாதிவரை வெள்ளையாய்ப் பிரிந்து நிற்கிறது,
விழவும் இல்லை.

கடைசிப் பேருந்தை டிப்போவில் விட்டுவிட்டு
வருகிறார் சற்குணம்.
கை கழுவி, கண்ணாடி மாட்டி,
தாதி சொன்னபடி
ஒரே பக்கமாய் அரம் தேய்க்கிறார்.
ராத்திரியில் நகம் வெட்டினால்
வீட்டுக்கு ஆகாது என்கிறேன்.
"வெட்டவில்லை, தேய்க்கிறேன்" என்கிறார்
எட்டு மணிநேரம் ஸ்டியரிங் பிடித்த விரல்களோடு.

ஆறு சுற்று மருந்து.
நகத்தின் குறுக்கே ஆறு வரி.
கட்டிக்காகக் கட்டிய வரி.
ரசீது பத்து விரலிலும் இருக்கிறது.

வாசலின் பூசி
வெள்ளைப் பருத்தி உறை மாட்டுகிறார்.
போக்குவரத்துப் போலீஸ் மாதிரி
படுக்கையில் கையைத் தூக்கிக் காட்டுகிறேன்,
நில் என்று.
அவர் நிற்கவில்லை, தூங்கிவிட்டார்.

முதல் வரி விளிம்புக்கு வந்து
நேற்று தானாய் உடைந்தது.
சட்டையில் மாட்டி இழுத்ததில்
கொஞ்சம் இரத்தம். துடைத்தேன்.

இன்று காலை குனிந்தேன்.
காசு வரவில்லை.
ஆனால்
நகர்ந்தது.