இறந்தகாலம், பெண்பால், பன்மை

ஹாப்சலுவில் ஜனவரி.
நான்கு மணிக்கே இருட்டிவிடுகிறது.
பனி தள்ளும் வண்டியின் பக்கத்து இருக்கையில்
ஃபோனைச் சாய்த்து வைத்திருக்கிறேன்.
அதற்குள்ளிருந்து யாரோ சொல்கிறார்கள்:
ஓபா. தண்ணீர்.
நானும் சொல்கிறேன்: ஓபா.
கண்ணாடியில் மூச்சு படிகிறது.

பஷ்தோவில் தண்ணீர் எப்போதும் பன்மையாம்.
ஒரு டம்ளரில் இருந்தாலும்
அவை தண்ணீர்கள்.
இதை யாரிடம் சொல்வது?
ஹெய்னோவிடம் சொன்னேன்.
உப்பு மூட்டையை இறக்கி வைத்துவிட்டு
“சம்பளம் கூடுமா?” என்றான்.

பெரிய செயலிகளில் தேடினேன். இந்த மொழி இல்லை.
கதைக்காகக் கட்டிய மொழிகள்கூட இருக்கின்றன.
கடைசியில் கிடைத்தது,
ஏதோ நூலகத்தின் முத்திரையோடு
கோணலாக ஸ்கேன் செய்த இலக்கணம்;
நாற்பத்தொன்றாம் பக்கத்தில்
ஸ்கேன் செய்தவரின் கட்டைவிரல்.
பிறகு ஓர் அகராதி.
அதில் பாதி எழுத்துக்கு
என் கணினியில் உருவமே இல்லை.
எழுத்து வரவேண்டிய இடத்தில் வெறுங்கட்டங்கள்,
வரிசை வரிசையாய்
காயப்போட்டதுபோல.

மாரிகா ஒருமுறை கேட்டாள்:
“திரும்ப அங்கே போகப்போகிறாயா?”
இல்லை என்றேன்.
“பிறகு?”
ஒரு வாக்கியம், என்றேன்.
கொஞ்ச நேரம் பார்த்தாள். விளக்கை அணைத்தாள்.

ஹெல்மந்தில் அந்த வாய்க்காலைத் தாண்டிக் குதித்தோம், ஆறு பேர்.
அந்தப் பக்கம் மாதுளை மரங்கள்.
இரு கையையும் தூக்கிக்கொண்டு ஒருவன் ஓடிவந்தான்,
கத்திக்கொண்டே.
மொழிபெயர்ப்பாளர் பின்னால் வந்த வண்டியில்.
நான் துப்பாக்கியை உயர்த்தினேன்.
நின்றான்.
அதையே மறுபடி சொன்னான், மெதுவாக,
பிள்ளைக்குச் சொல்வதுபோல.
நாங்கள் நடந்துபோனோம்.
அவ்வளவுதான். யாரும் சாகவில்லை.

பதினோரு வருடமாக அந்த ஒலி மட்டும்
காதுக்குள் புகுந்த தண்ணீர்போல.
சாபம் என்று நினைத்தேன் சில வருடம்.
கண்ணிவெடி என்று எச்சரித்தானோ என்று சில வருடம்.

சர்கூனா க்வெட்டாவில் இருக்கிறாள். மணிக்கு எட்டு யூரோ.
பாடத்தின் நடுவே மின்சாரம் போகும்.
முகம் மறைந்துவிடும்;
இருட்டிலிருந்து குரல் மட்டும்
என் வினைச்சொல்லைத் திருத்தும்.
நான்கு மாதம் அவளிடம் கேட்கவில்லை.
சந்தை, மருத்துவர், என் அக்காவுக்கு மூன்று பிள்ளைகள்
என்றே பேசிக்கொண்டிருந்தேன்.
ஒரு செவ்வாய்க்கிழமை கேமராவை அணைத்துவிட்டு
ஞாபகத்தில் இருந்ததை இருந்தபடி சொன்னேன்.

இன்னொரு தரம், என்றாள்.
சொன்னேன்.
“கிஷ்தே லா லந்தே தி.
செங்கல் இன்னும் ஈரமாய் இருக்கிறது.
நல்ல வாக்கியம். எந்தப் பாடத்தில் வருகிறது?”

பச்சைக்கல்.
வெயிலில் பரப்பியிருந்திருக்கிறான்.
காலுக்கடியில் மெத்தென்று இருந்தது, நினைவிருக்கிறது.
அந்தப் பாரத்தோடு நடக்க
இதமாகக்கூட இருந்தது.

இரவு, நாற்பத்தொன்றாம் பக்கம்.
இறந்தகாலத்தில் வினை, என்கிறது
கட்டைவிரலுக்குப் பக்கத்து வரி,
செய்தவனைப் பார்க்காது.
எதைச் செய்தானோ அதைப் பார்க்கும்.
‘நான்’ என்ற சொல்லே அப்போது வேறாகிவிடும்:
ஸ, மா ஆகும்.
செங்கல் பெண்பால்.
அவனுக்கும் அவளுக்கும் ஒரே சொல் வைத்திருக்கும்
மொழியில் பிறந்தவன் நான்;
எழுதிப் பார்த்து, அடித்து, மறுபடி எழுதினேன்.

கடற்கரைச் சாலையில் உப்பைத் தூவிக்கொண்டே
சத்தமாகச் சொல்கிறேன்:
மா கிஷ்தே மாதே க்ரே.
நான் செங்கற்களை உடைத்தேன்.
அந்த வினையின் விகுதியில் நான் எங்கும் இல்லை.
அவை இருக்கின்றன, ஒன்றுக்கு மேல்.

ஒலியாகப் பதிந்து சர்கூனாவுக்கு அனுப்பினேன்.
ஒரு மணி நேரம் கழித்து,
மின்சாரம் வந்திருக்கும்,
பதில்: “சரி. கடைசி எழுத்துக்கு மட்டும்
நாக்கை இன்னும் மடிக்கவேண்டும்.”

மடிக்கிறேன்.
தள்ளிய இடத்திலேயே
பனி விழுந்துகொண்டிருக்கிறது.