பரிசு ஐம்பது வெள்ளி

அக்டோபர் கடைசி நாள். தீபாவளிக்கு இன்னும் எட்டு.
ஆ சூன் கடைவாசலில் ஒரே வயரில் மினுக்குகின்றன
காகிதக் குத்துவிளக்கும்
ஈப்போவில் வாங்கிய பிளாஸ்டிக் மண்டை ஓடும்.
சுங்கை பெலுருவில் இதற்கு முன்
பேய்க்கென்று ஒரு நாள் ஒதுக்கியதில்லை.
எல்லா நாளும் அதற்குத்தான் என்பார் ஆ சூன்.

கேள்வி கேட்பது நான்.
பகலோ இரவோ ஷிப்டைப் பொறுத்து
கையுறைத் தொழிற்சாலையில் பாக்கிங்.
இன்று மட்டும் மைக்.
அதுவும் மீன் விலை கூவுகிற மைக். கொஞ்சம் வீச்சம்.

முதல் கேள்வி:
கறுப்பு வெள்ளைப் பேய்ப்படத்தில்
இரத்தத்துக்கு எதை ஊற்றினார்கள்?
"மைலோ!" என்று கத்தினான் தர்வீன்.
தாளில் சாக்லேட் பாகு என்றிருந்தது.
அரை மதிப்பெண் போட்டேன்.
மைலோ மட்டும் என்ன மண்ணா என்று
மூணாம் டிவிஷன் முழுக்க நாற்காலியை நகர்த்தியது.
முழு மதிப்பெண்.

எலும்பு முறிகிற சத்தம் எதிலிருந்து?
"முருங்கைக்காய்," என்றாள் யோகநாயகி, சந்தேகமே இல்லாமல்.
செலரி என்று படித்தேன்.
செலரியை இங்கே யார் கண்டது?
அவள் பைக்குள் கைவிட்டு ஒன்றை எடுத்து
மைக்குப் பக்கத்தில் வைத்து ஒடித்தாள்.
மேசைக்கடியில் படுத்திருந்த நாய்
எழுந்து ரோட்டைத் தாண்டி ஓடிவிட்டது.
தாளில் அடித்துத் திருத்தினேன்.

பேய் ஏன் வெள்ளை உடுத்துகிறது?
இருட்டில் கேமராவுக்குத் தெரிய, என்பது என் பதில்.
பின்வரிசையில் ஒருவர் சொன்னார்: "நைட் ஷிப்ட்."
எல்லோரும் சிரித்தார்கள். நானும்.
தலைமூடி, முகமூடி, வெள்ளை அங்கி, கண் மட்டும் வெளியே.
ஒருநாள் மாற்ற நேரமில்லாமல் அப்படியே பஸ் ஏறி
நாலரை மணிக்குச் செம்பனை ஓரம் இறங்கினேன்.
நாசி லெமாக் கட்டிக்கொண்டிருந்த கமாரியா அக்கா
வாழையிலையோடு ஓடியது
இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.
சம்பல் எல்லாம் தார்மேல்.

நாலாவது, கடைசி.
பொந்தியானாக் அழுவது உரக்கக் கேட்டால்?
"தூரத்துல இருக்கா!" எல்லா வாயும் ஒன்றாக.
இது படிக்காமலே தெரிகிற பாடம்.
மெல்லக் கேட்டால்?

கரண்ட் போனது.

மண்டை ஓடு அணைந்தது, குத்துவிளக்கும் அணைந்தது.
அப்புறம்தான் உறைத்தது, வேறொன்றும் நின்றிருக்கிறது.
எதிரே பழைய சினிமாக் கொட்டகை.
படம் ஓடி முடிந்து பல வருஷம்;
சன்னலை எல்லாம் செங்கல் வைத்து அடைத்து
உழவாரக் குருவிக்குக் கூடாக்கிவிட்டார்கள்.
கூரையில் ஒலிபெருக்கி
இல்லாத குருவிகளின் குரலைப் போட்டுப் போட்டு
இருக்கிற குருவிகளைக் கூப்பிடும்,
இரவும் பகலும்.
அந்தக் கூச்சலுக்குள்தான் நாங்கள் பேசினோம், தூங்கினோம்,
பிள்ளை பெற்றோம்.
அதுதான் அமைதி என்று நினைத்திருந்தோம்.

இப்போது அது இல்லை.
அடைத்த சுவருக்குள்ளிருந்து
நகத்தால் நகத்தைத் தட்டுவதுபோல
டிக். டிக்டிக். டிக்.
மிக மெல்ல.
குருவிகள்தான். இருட்டில் வழி தேட அப்படித் தட்டுமாம்,
ரஃபிக் சொல்லியிருக்கிறான், உள்ளே கூடு பறிக்கிறவன்.
தெரிந்தும்
ஒரு நாற்காலிகூட அசையவில்லை.

"பக்கத்துல," என்றது ஒரு குரல்.

சரி, என்றேன். மைக் செத்திருந்தது, வாயால் சொன்னேன்.
ஒரு கை நீண்டது. கவரைக் கொடுத்தேன்.

கரண்ட் வந்தபோது
எல்லோரும் என் கையையே பார்த்தார்கள்.
தர்வீன் இல்லை என்றான். யோகநாயகி சட்டைப்பையையே திருப்பிக் காட்டினாள்.
ரஃபிக்குக்கு இன்று ஊருக்குப் போன் பேசுகிற நாள், வரவே இல்லை.
"யார்கிட்டக் கொடுத்த?" ஆ சூனுக்குக் கோபம்,
ஐம்பது அவருடையது.

முகம் பார்க்கவில்லை.
கையுறை போட்டிருந்தது, அது மட்டும் தெரியும்.
நீலம், பவுடர் இல்லாதது,
எங்கள் சரக்குதான். மீடியம் சைஸ்.